ஒரு சோறு பதம் பார்த்தீர்களா?

(தேசியக் கணித நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அரையாண்டுத் தேர்வுப் பணிகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஒலிபெருக்கி முதல் தேநீர் வரை பொறுப்பேற்றுக்கொண்ட பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, வரவேற்புரையில் என்னைப் பற்றி அளவுக்கு மேல் சொன்ன தலைமையாசிரியர் அவர்களே, பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் கணித ஆசிரியப் பெருமக்களே, தரையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கப் பெரியவர்களுக்கும், மேடை ஏற முடியாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் இராமானுஜன் பிறந்தார். அவரைப் பற்றி எனக்குப் பின்னால் பேசும் இருவர் விரிவாகச் சொல்லவிருக்கிறார்கள். ஆகவே நான் சமையலறையிலிருந்து தொடங்குகிறேன்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.' உலை கொதித்ததும் கரண்டியால் ஒரு பருக்கையை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம் வீடுகளில் கஞ்சி வடிக்கிறார்கள். நசுக்கிப் பார்க்காமல் பானையை இறக்குகிறவர் யாரும் இல்லை. ஆனால் கணக்குத் தாளில் மட்டும் விடை வந்தவுடன் அடிக்கோடு போட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். இன்று இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல், நிகழ்தகவு என்று நான்கு பானைகளிலும் ஒவ்வொரு பருக்கை எடுத்துக் காட்டலாம் என்று வந்திருக்கிறேன். நேரம் இருந்தால் வரைபடத்தையும் பார்ப்போம்.

முதல் பானை இயற்கணிதம். 'ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்' என்றதும் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதுகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அதைத் திட்டிப் பயனில்லை. எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ-க்கு 3, பி-க்கு 5. இடப்பக்கம் 8-இன் வர்க்கம் 64. வலப்பக்கம் 9-உம் 25-உம் சேர்ந்து 34. இருபக்கமும் 30 இடிக்கிறது. அந்த 30 தான் விட்டுப்போன 2 ஏபி என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையின் மூலையிலேயே எழுதி வைக்கலாம். எந்தப் பருக்கையை எடுக்கிறோம் என்பது முக்கியம். 0 எடுத்தால் ஏமாந்துபோவோம். பி-க்கு 0 போட்டால் அந்தத் தவறான சூத்திரமும் சரியென்றே காட்டும். 1 எடுத்தாலும் ஏமாற்றும். எக்ஸ் ஸ்கொயரை எக்ஸ் கியூபால் பெருக்கினால் அடுக்கு 5 வருமா 6 வருமா என்று 1 ஒருபோதும் சொல்லாது, ஒன்றின் எந்த அடுக்கும் ஒன்றுதான். 2-உம் நம்பத்தக்கதல்ல, இரண்டும் இரண்டும் கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4, இரண்டின் வர்க்கமும் 4. ஆகவே 3-இல் தொடங்குங்கள். இரண்டு எழுத்து இருந்தால் 3, 5 என்று வெவ்வேறு எண்கள். 'எக்ஸ் பிளஸ் 6-இன் கீழ் 6' என்பதில் மேலும் கீழும் ஆறை அடித்துவிட்டு எக்ஸ் என்று எழுதுகிறார்களே, 3 போட்டால் உண்மையான மதிப்பு ஒன்றரை, அடித்த பிறகு வருவது 3. பருக்கை வேகவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு பருக்கை வேகாவிட்டால் கணக்கு தவறு என்பது உறுதி. ஒரு பருக்கை வெந்துவிட்டதாலேயே நிரூபித்தாயிற்று என்று ஆகாது. ஓர் எண்ணின் வர்க்கம், அதோடு அதே எண், அதோடு 41, மூன்றையும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எந்த எண்ணைப் போட்டாலும் பகா எண்ணே வரும். நாற்பது பருக்கைகள் வெந்துவிட்டன. நாற்பது என்ற எண்ணைப் போட்டால் 1681, அதாவது 41 பெருக்கல் 41. நிரூபணம் வேறு, பதம் பார்ப்பது வேறு. நான் கேட்பது இரண்டாவதைத்தான்.

வர்க்கமூலம் வரும் சமன்பாட்டில் சரிபார்க்கும் வரியைச் செய்தே ஆக வேண்டும். எக்ஸ் பிளஸ் 7-இன் வர்க்கமூலம், எக்ஸ் மைனஸ் 5-க்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். இருபக்கமும் வர்க்கப்படுத்தி ஒழுங்குசெய்தால் எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 11 எக்ஸ் பிளஸ் 18 சமம் 0. மூலங்கள் 9, 2. ஒன்பதைப் போட்டால் 16-இன் வர்க்கமூலம் 4, வலப்பக்கமும் 4. இரண்டைப் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் மைனஸ் 3. வர்க்கப்படுத்தும்போது கூட்டல் குறியும் கழித்தல் குறியும் ஒன்றாகிவிடுவதால் வேறொரு சமன்பாட்டின் தீர்வு இங்கே நுழைந்துவிட்டது. வழிமுறையில் ஒரு பிழையும் இல்லாமல் தவறான விடை வரும் இடம் இது.

வாக்கியக் கணக்கில் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் போதாது, கேள்வியில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தொடர்வண்டி சீரான வேகத்தில் 300 கிலோமீட்டர் போகிறது. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் கூடினால் 1 மணி நேரம் மிச்சம். வேகம் என்ன? கூடிய வேகத்தை எக்ஸ் என்று எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு 60 வரும். அதை அந்தச் சமன்பாட்டில் போட்டால் ஐம்பதில் 6 மணி, அறுபதில் 5 மணி, வித்தியாசம் 1, எல்லாம் சரி. விடை 60 என்று எழுதிவிடும். கேள்விக்குத் திரும்பி வந்தால்? 60-இல் போனால் 5 மணி, 70-இல் போனால் 4 மணி 17 நிமிடம். மிச்சம் 43 நிமிடம்தான். கேட்ட வேகம் 50.

இரண்டாவது பானைக்கு முன் முக்கோணவியலுக்குப் போய்விடுகிறேன், அங்கே நம் மண்ணிலேயே நடந்த ஒரு பெரிய கதை இருக்கிறது.

சென்னையில் பரங்கிமலை எல்லோருக்கும் தெரியும். 1802 ஏப்ரல் 10 அன்று அந்த மலையருகே வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, நாட்டை முக்கோணங்களால் அளக்கும் வேலைக்காக ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஏழரை மைல், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் இழுத்துப் போடாமல் மரப்பெட்டிகளில் தாங்கி, மேலே கூடாரத்தால் நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, சுமார் நானூறு முறை போட்டு அளந்தார்கள். 57 நாட்கள் ஆயின. எதற்கு இவ்வளவு பாடு? சித்திரை வெயிலில் எஃகு நீளும். வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடினாலே 12 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் பிழை வந்துவிடும்.

அந்த ஒரு கோடுதான் முக்கோணத்தின் அடிப்பக்கம். இரு முனையிலிருந்தும் தொலைவில் தெரியும் ஒரு மலையுச்சியைப் பார்த்துக் கோணம் எடுத்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே வந்துவிடும். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கம். கோணம் எடுக்கும் கருவி தியோடலைட், எடை அரை டன். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதைப் பிடித்து மொரீசியஸுக்குக் கொண்டுபோக, அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் இது அறிவியல் கருவி என்று மதித்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

மலையில்லாத காவிரிச் சமவெளியில் என்ன செய்வது? தென்னந்தோப்புக்கு மேலே தெரிவது கோயில் கோபுரம் மட்டும்தான். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அந்த அரை டன் கருவியை வடம் கட்டி ஏற்றினார்கள். பாதியில் தாங்குகயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப் போய்க் கருங்கல்லில் மோதியது. கோணம் குறித்த பெரிய வட்டத் தகடு நெளிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் போய், சில கைவினைஞர்களை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆறு வாரத்தில் அந்த வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இத்தனையும் எதற்குச் சொன்னேன் என்றால், அவருக்கும் ஒரு பருக்கை தேவைப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வரை போனபின், 1804-இல் அங்கே இன்னொரு ஏழு மைல் கோட்டைச் சங்கிலியால் நேரடியாக அளந்து பார்த்தார்கள். கணக்கில் வந்த நீளத்துக்கும் அளந்து வந்த நீளத்துக்கும் சில அங்குலங்கள்தான் வித்தியாசம். அந்தக் கோட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே 'சரிபார்ப்பு அடிக்கோடு'. கருவி நெளிந்து நிமிர்ந்த பிறகும் தெற்கே பாளையங்கோட்டைப் பக்கம் மீண்டும் ஒரு கோட்டை அளந்தார்கள். ஒரு நாட்டையே அளந்தவர்கள் சரிபார்ப்புக்கு மாதக்கணக்கில் செலவழித்தார்கள் என்றால், ஐந்து மதிப்பெண் கணக்குக்கு ஒரு வரி அதிகமா?

பாடக் கணக்குக்கு வருவோம். கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 30°. அதை நோக்கி 40 மீட்டர் நடந்தால் 60°. உயரம் 20√3, அதாவது 34.64 மீட்டர். பதம் பார்ப்பது எப்படி? தொலைவுகளைக் கண்டுபிடியுங்கள்: 60 மீட்டர், 20 மீட்டர். வித்தியாசம் 40, சரி. கிட்டப் போனால் கோணம் பெரிதாக வேண்டும், அதுவும் சரி. இங்கே ஒரு விபரீதம் நடக்கும். டேன் 30-ஐயும் டேன் 60-ஐயும் இடம் மாற்றிப் போட்ட பிள்ளைக்கு உயரம் மைனஸ் 20√3 என்று வரும். உயரம் மைனஸில் வராதே என்று குறியை மட்டும் அழித்துவிட்டு விடையை எழுதும். விடை பொருந்திவிடும், படம் தலைகீழாகவே இருக்கும். அடுத்த கணக்கில் மாட்டிக்கொள்ளும். மைனஸ் வந்தால் அழிக்காதே, படத்துக்குத் திரும்பு என்று சொல்லுங்கள். இறக்கக்கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து குறிப்பதும், பார்ப்பவரின் ஒன்றரை மீட்டர் உயரத்தைக் கூட்ட மறப்பதும் அடுத்த இரண்டு வழக்கமான பிழைகள்.

வடிவியலில் ஒரே ஒரு பருக்கை. தேல்ஸ் தேற்றத்தில், அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்ததும், பக்கத்தின் மேல்துண்டைக் கீழ்த்துண்டால் வகுத்து, அதையே இணைகோடுகளின் விகிதம் என்று எழுதுகிறார்கள். அந்தக் கோடு நடுப்புள்ளி வழியே போவதாக வைத்துப் பாருங்கள். மேல்துண்டும் கீழ்த்துண்டும் சமம், விகிதம் 1. இணைகோடோ அடிப்பக்கத்தில் பாதி. ஆகவே கீழே வர வேண்டியது துண்டு இல்லை, முழுப்பக்கம்.

நிகழ்தகவு. பகடை ஒன்றை உருட்டுகிறோம். இரட்டை எண் அல்லது பகா எண் விழ நிகழ்தகவு என்ன? இரட்டைக்கு மூன்று, பகா எண்ணுக்கு மூன்று, கூட்டினால் ஆறின் கீழ் ஆறு, விடை 1. அப்படியானால் பகடையில் 1 என்ற முகம் விழவே விழாதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும். 2 என்ற எண்ணை இரண்டு முறை எண்ணிவிட்டோம். விடை ஆறில் ஐந்து. பெரிய அறிஞர்களும் இந்தப் பானையில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழ மூன்றில் இரண்டு என்று 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதினார் தலாம்பேர். முதலிலேயே தலை, இரண்டாவதில் தலை, இரண்டும் பூ என்று மூன்றாகப் பிரித்துச் சமமாக எண்ணிவிட்டார். கூறுவெளியை, அதாவது வரக்கூடிய எல்லா முடிவுகளையும், முழுதாக எழுதினால் நான்கு, அதில் மூன்றில் தலை உண்டு. கையில் நாணயம் இருக்கிறது, வகுப்பில் நாற்பது பேர் ஆளுக்கு ஐந்து தடவை இருமுறை சுண்டினால் 200 முடிவுகள். 133-ஐ ஒட்டி வருகிறதா 150-ஐ ஒட்டி வருகிறதா என்று ஒரே பாடவேளையில் தெரிந்துவிடும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், வரைபடத்தை விட்டுவிடுகிறேன். கல்வி அலுவலர் அவர்கள் இருக்கும்போதே என் கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் 50 மதிப்பெண். பொதுத்தேர்வு விடைக்குறிப்பு நம் கையில் இல்லை. ஆனால் பள்ளி அளவில் நாம் வைக்கும் அலகுத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நம் கையில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வோர் ஐந்து மதிப்பெண் விடைக்கும் ஒரு மதிப்பெண்ணைச் சரிபார்ப்பு வரிக்கென்று ஒதுக்குங்கள். மற்ற நான்கையும் வழக்கம்போல் படிகளுக்குக் கொடுங்கள். விடை தவறாக வந்து, 'சரிபார்த்தேன், பொருந்தவில்லை' என்று எழுதியிருந்தாலும் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். தன் தவறைத் தானே கண்ட பிள்ளை அது. நேரம் போதாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். வாக்கியக் கணக்கைச் சரிபார்க்க இரண்டு வரி, இயற்கணிதத்துக்கு ஒரு வரி, நிகழ்தகவுக்கு விடை 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கிறதா என்ற ஒரு பார்வை. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கினால் பத்தாம் வகுப்பில் கை தானாக எழுதும். பெற்றோர்களே, வீட்டில் பிள்ளையிடம் 'விடை என்ன வந்தது' என்று கேட்காதீர்கள். 'பதம் பார்த்தாயா' என்று கேளுங்கள், அதற்கு உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதி வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம். முதல் கையொப்பம் தலைமையாசிரியருடையது. ஜனவரித் திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்பதற்கு முன் அது அலுவலர் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும், ஆகவே தேநீருக்குப் போகும் வழியில் கையொப்பமிட்டுவிடுங்கள். பேனாவும் அங்கேயே இருக்கிறது. வணக்கம்.