ஊர் என்ன சொல்லும்?

நடுவர் அவர்களே, கோயில் வீதியில் பாய் விரித்து இருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, பின்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு கேட்கிற தம்பிமாரே, வணக்கம்.

"மனிதர் இரட்டை வேடம் போடுவதற்குப் பெரிய காரணம் தன்னலமா, ஊர்ப்பயமா?" என்பது இன்றைய தலைப்பு. ஊர்ப்பயம் என்று வாதாட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய மாஸ்டர், தன்னலம்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புலித்தோல் போர்த்துக்கொண்டு பயிர் மேய்ந்த மாட்டை வள்ளுவரிடம் இருந்து ஓட்டிவந்து இந்த மேடையில் கட்டினார். கைதட்டலும் வாங்கினார்.

மாஸ்டர், வயலுக்குள் மாடு இறங்குவதைப் பார்க்காத ஆள் வன்னியில் இல்லை. பசித்த மாடு வேலியை முறிக்கும், மேயும், கலைத்தால் ஓடும். அதற்குத் தோல் எதற்கு? மேய்ச்சலுக்குக் காரணம் பசி. தோலுக்குக் காரணம் காவல்காரன். நீங்கள் மேய்ச்சலுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டு, தோலுக்கும் அதுதான் காரணம் என்று கணக்கை மூடிவிட்டீர்கள்.

பட்டப்பகலில் களவு எடுக்கிறவனும் தன்னலக்காரன்தான். அவனை யாராவது வேடதாரி என்கிறோமா? கள்ளன் என்கிறோம், அவ்வளவுதான். தவறணையில் இருந்து குடிக்கிறவன் குடிகாரன். மது ஒழிப்புக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து தலையாட்டிவிட்டு இரவில் வீட்டுக்குப் பின்னால் குடிக்கிறவன்தான் வேடதாரி. இரண்டு பேருக்கும் ஆசை ஒன்றுதான். இரண்டாமவரிடம் கூடுதலாக இருப்பது அந்த முன்வரிசை. அதை அவருக்குக் கொடுத்தது யார்? அதைத்தான் நான் கேட்கிறேன்.

கலியாணப் பேச்சுக்கு வருவோம். மாப்பிள்ளை பகுதி வந்து இருக்கிறது. தேத்தண்ணி குடித்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய் சொல்கிறார்: "எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். உங்கட பிள்ளைக்கு நீங்கள் விரும்பினதைச் செய்யுங்கோ." கேட்டதும் பெண்ணின் தகப்பனுக்கு வயிறு கலங்குகிறது. தொகை சொல்லியிருந்தால் ஆள் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பார். விரும்பினது என்றால் எவ்வளவு? அப்புறம் இரண்டு நாள் கழித்துத் தரகர் தனியாக வருகிறார். "அவை ஒண்டும் கேக்கேல்லை. ஆனா மூத்த மருமகளுக்கு வீடும் காணியும் குடுத்தவையாம். சும்மா சொன்னனான்."

இதில் தன்னலம் இல்லையா? நிறைய இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த "வேண்டாம்" எங்கிருந்து வந்தது? இந்தியாவில் 1961இல் சீதனத் தடைச் சட்டம் வந்தது. அங்கே ஒருவர் ஒளித்து வாங்கினால் பொலிசுக்குப் பயம் என்று சொல்லலாம். இலங்கையின் வடக்குத் தமிழருக்கான வழமைச் சட்டம், எங்கள் தேசவழமை. அதை 1706இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்தபோதே சீதனம் அதற்குள் இருந்தது. பெண்ணுக்குப் பிறந்தவீடு கொடுக்கிற சொத்து என்று சட்டமே ஒத்துக்கொண்ட விஷயம். வாங்கினால் எந்தப் பொலிசும் வரப்போவதில்லை. பிறகு ஏன் கூச்சம்? சீதனம் கேட்கிறவன் சரியில்லை என்று ஊர் சொல்கிறது. அதே ஊர், சீதனம் இல்லாமல் வந்த மருமகளைப் பார்த்து "என்ன குறையோ" என்றும் சொல்கிறது. ஒரே வாய் இரண்டு கட்டளை போடுகிறது. இரண்டையும் நிறைவேற்ற ஒரு மனிதருக்கு ஒரு முகம் போதுமா?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கச்சி நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர் டானியல் பாட்சனும் அவருடைய குழுவும் 1997இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். இரண்டு வேலை. ஒன்றில் பரிசுச்சீட்டு கிடைக்கும், மற்றது அலுப்பு. எது தனக்கு, எது மற்றவருக்கு என்று ஆளே தீர்மானிக்கலாம். விரும்பினால் சுண்டிப் பார்க்க ஒரு நாணயமும் கொடுத்தார்கள். தனியறை, பக்கத்தில் ஆள் இல்லை. சுண்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நல்ல வேலையைத் தமக்கே எடுத்துக்கொண்டார்கள். நேர்மையாகச் சுண்டினால் பாதிப்பேருக்குத்தான் அது விழுந்திருக்கும். "பார்க்க ஆளில்லாத அறையில் ஊர் எங்கே வந்தது?" என்று தங்கச்சி கேட்டார்.

நல்ல கேள்வி. உண்மையைச் சொன்னால் எனக்கே கொஞ்சம் வியர்த்தது. ஆனால் தங்கச்சி, யாரும் பார்க்காத அறையில் அவர்கள் நாணயத்தைச் சுண்டினார்களே, அது ஏன்? நல்ல வேலை வேண்டும் என்றால் நேரே எடுத்திருக்கலாம். சுண்டு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வெறும் தன்னலத்துக்கு அந்த நாணயம் தேவையே இல்லை. சின்ன வயதில் இருந்து "ஆக்கள் பாக்கினம்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, ஆள் இல்லாத அறையிலும் ஆக்கள் இருக்கிறார்கள். கதவைச் சாத்தினாலும் அவர்கள் வெளியே போவதில்லை.

இனி நான் ஒரு ஆய்வு சொல்கிறேன். அதுவும் அமெரிக்காதான். ரிச்சர்ட் லாப்பியர் என்ற சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியுடன் நாடு முழுக்கச் சுற்றினார். சீனர் மேல் வெறுப்புப் பரவியிருந்த காலம். ஹோட்டலும் சாப்பாட்டுக் கடையுமாக 251 இடங்களுக்குப் போனார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீனரை ஏற்பீர்களா?" என்று கேட்டார். பதில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் "இல்லை" என்றார்கள். ஆள் வந்தபோது சிரித்துச் சோறு போட்டவர்கள் கடிதத்தில் கதவைச் சாத்துகிறார்கள். அந்த "இல்லை"யில் அவர்களுக்கு ஒரு சதம் இலாபம் உண்டா? கடைக்காரனுக்குக் காசு தருகிற ஆளை விரட்டுவதில் என்ன தன்னலம்? அந்த நேரத்து ஊர் எதைச் சொல்லச் சொன்னதோ அதைத்தான் எழுதி அனுப்பினார்கள்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? ஒரே பைப்பில் தண்ணி பிடித்தோம். ஒரே வரிசையில் சாப்பாட்டுக்கு நின்றோம். யார் என்ன சாதி ஆக்கள் என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. "வேறு வழியில்லாமல் இருந்தீர்கள்" என்று மாஸ்டர் சொல்வார். சரி, வழியில்லைதான். 2012இல் முகாமை மூடினார்கள். ஊர் திரும்பினோம், வேலி போட்டோம், கிணறு இறைத்தோம். பிள்ளைகள் வளர்ந்து, ஒருவரை ஒருவர் விரும்பியபோது அதே வரிசையில் நின்ற மனிதர் என்ன சொல்கிறார்? "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சொந்தக்காரர்தான் கதைப்பினம்." அந்தச் சொந்தக்காரரிடம் போய்க் கேளுங்கள். அவரும் இதையேதான் சொல்வார். இதில் யாருக்கு என்ன வந்து சேர்ந்தது? பெற்ற பிள்ளையின் சந்தோசத்தையே விட்டுக்கொடுக்கிறார்கள். தன்னலக்காரர் அப்படிச் செய்வாரா?

புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றியும் சொல்ல இருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை வதைக்கிற சோதனை என்று மேடையில் பேசிவிட்டு, சொந்தப் பிள்ளைக்குச் சந்தியில் பனர் கட்டுகிறவர்கள் இங்கே சிரிக்கிறார்கள். அதனால் விட்டுவிடுகிறேன். அரசியல்வாதிகளையும் விட்டுவிடுகிறேன், அவர்களுக்கு விடியும்வரை பேசவேண்டி வரும்.

"ஊரைச் சாட்டிவிட்டு ஆளைத் தப்பவைக்கிறீர்கள்" என்று எதிரணி சொல்லக்கூடும். யாரையும் நான் தப்பவைக்கவில்லை. அந்தத் தாயின் "வேண்டாம்" பொய்தான். ஆனால் அதை எழுதிக் கொடுத்தவர்கள் இந்தப் பாயில் இருக்கிற நாங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி. வீடும் காணியும் வேண்டும் என்ற ஆசை அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு இருந்தது. நேரே கேட்டிருந்தால் சட்டம் தடுத்திருக்காது, பேச்சும் ஒரு நாளில் முடிந்திருக்கும், தரகர் கூலியும் மிஞ்சியிருக்கும். தன்னலத்துக்கு அதுதான் இலாபம். பிறகு எதற்கு அந்த "வேண்டாம்"? அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அவர் தன் பேச்சைத் தொடங்கட்டும்.