பதினோராம் நாள்

(வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவர்களை வழியனுப்பும் கூட்டத்தில் பேசியது)

தம்பி, தங்கைகளே,

விசா, குளிருக்கு ஜாக்கெட், ஊறுகாய் பாட்டில் கசியாமல் கட்டுவது எப்படி என்பதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒருவருடைய கதையை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

1913 ஜூலையில் 22 வயது இளைஞர் ஒருவர் நியூயார்க்கில் போய் இறங்கினார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரை பவுண்டு. அம்பேத்கர்தான் அவர். பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்காரவிடாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியாக உட்கார்ந்து படித்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோணிக்கு வேலை இல்லை. விடுதியில் நாவல் பத்தேனா என்ற பார்சி மாணவரோடு தங்கினார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். அது போதாதென்று வரலாறு, சமூகவியல், மானிடவியல், கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் ஜெர்மன். பசித்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி!

1916 மே மாதம், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் சாதியைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அதில் தன் கோணியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சாதி எதனால் நிற்கிறது? சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வதால் நிற்கிறது. அந்த வேலியைக் காக்கத்தான் உடன்கட்டையும் விதவைக் கோலமும் குழந்தை மணமும் வந்தன என்று ஒரு கணக்கைப் போல விடுவித்துக்கொண்டே போகிறார். முதுகில் கிடந்த சுமையை இறக்கி மேசைமேல் வைத்து, நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கிறார். முதுகில் இருக்கும்வரை அதன் கனம் தெரியுமே தவிர, முடிச்சு எங்கே என்று தெரியாது.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது, ரொம்பச் சின்னது. ஜெர்மனியில் நாங்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தோம். சமையலறைச் சுவரில் யார் எந்த வாரம் எதைக் கழுவ வேண்டும் என்று ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். இரண்டாவது வாரம் கழிவறைக்கு நேராக என் பெயர். பிரஷைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்துவந்த அம்மாள் நினைவுக்கு வந்தார். கொல்லைப்புறமாக வந்து கொல்லைப்புறமாகவே போவார். அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பது ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான் எனக்கு உறைத்தது.

சரி, கதைக்கு வருகிறேன். 1917இல் அம்பேத்கர், உதவித்தொகைக்கான ஒப்பந்தப்படி வேலை பார்க்க பரோடாவுக்கு வந்தார். வெளிநாட்டில் இருந்த வருடங்களில், தான் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே மனதிலிருந்து அழிந்துபோயிருந்ததாக அவரே பின்னால் எழுதினார். எங்கே தங்குவது என்ற கேள்வி ரயில் நிலையத்தில்தான் வந்தது. இந்து விடுதிகள் சேர்க்காது. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில், பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு வந்து, சாயங்காலத்துக்குள் காலி செய் என்று மிரட்டினார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவரும் பக்குவமாகக் கைவிரித்தார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

வெளியூர் நம்மை மாற்றும், உண்மைதான். ஆனால் நாம் மாறியது ஊருக்குத் தெரியாது. நீங்கள் திரும்பி வரும்போதும் உங்கள் தெரு நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கும். அதைப் பார்த்து எரிச்சல்பட்டு, 'அங்கெல்லாம் இப்படி இல்லை' என்று நாள் முழுக்கப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம்.

நியூயார்க்குக்குப் பிறகு லண்டனில் தொடங்கி, பாதியில் விட்டுவந்த படிப்பை முடிக்க, அம்பேத்கர் 1920இல் மறுபடியும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கையில் இருந்த சேமிப்பு போதவில்லை. கடன் கொடுத்தவர்களில் ஒருவர் நாவல் பத்தேனா, அதே பார்சி நண்பர்.