675 மடங்கு வேண்டாம், ஆடாத முக்காலி வேண்டும்

அடுத்த கேள்வி மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். மகன் இரண்டாம் படிவத்தில் படிக்கிறான். தொலைநோக்கி வாங்கித் தரச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறான். கையில் இருப்பது 500 வெள்ளி (ரிங்கிட்). இணையக் கடையில் ஒன்றை 675 மடங்கு பெரிதாக்கும் என்று போட்டிருக்கிறார்கள், வாங்கலாமா? பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒருவர் தம்முடைய பழைய தொலைநோக்கியை 100 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார், அது பரவாயில்லையா? வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம், அந்தப் பக்கம் ஆலை விளக்கு. இங்கிருந்து ஏதாவது தெரியுமா?

அம்மா, அந்த 675 எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் இருக்கும் லென்ஸ் 60 மில்லிமீட்டர், அதன் குவியத் தூரம் 900. பெட்டிக்குள், கண் வைத்துப் பார்க்கும் பக்கத்தில் மாட்ட 4 மில்லிமீட்டர் கண்லென்ஸ் ஒன்றும், மூன்று மடங்கு கூட்டும் பார்லோ லென்ஸ் ஒன்றும் போட்டிருப்பார்கள். 900-ஐ 4-ஆல் வகுத்தால் 225 மடங்கு. அதை மூன்றால் பெருக்கினால் 675. கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஒரு லென்ஸ், தன் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு வரைக்கும்தான் தெளிவாகப் பெரிதாக்கும். 60 மில்லிமீட்டருக்கு 120 மடங்கு. அதற்கு மேலே போவது ஒரு குவளைத் தேநீரில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். அளவு கூடும், குடிக்க முடியாது.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. பூமி சுழல்வதால் வானத்தில் உள்ளதெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 28 மடங்கில் வைத்தால் ஒரு கிரகம் உங்கள் பார்வை வட்டத்தைக் கடக்க ஆறேழு நிமிடம் ஆகும். 225 மடங்கில் ஒரு நிமிடத்துக்குள் ஓடிவிடும். அதைத் துரத்திக் குழாயைத் தொட்டால் முக்காலி ஆடும். ஆட்டம் அடங்குவதற்குள் கிரகம் போய்விடும். நான் முதலில் வாங்கிய தொலைநோக்கி அப்படித்தான் இருந்தது. சனியைப் பிடித்துவிட்டேன் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்து, "ஒன்றுமில்லையேடா" என்றார். மூன்று முறை அப்படி ஆனது. நான்காவது முறை அவர் வரவில்லை. லென்ஸ் மோசமில்லை அம்மா, கால்தான் மோசம். குடைக்கம்பி போல மூன்று அலுமினியக் கால்கள்.

ஆகவே கடைக்காரரிடம் எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள். முக்காலியின் எடையைக் கேளுங்கள். படத்தில் கால்கள் மெலிந்து தெரிந்தால் அடுத்ததைப் பாருங்கள். 70 மில்லிமீட்டர் லென்ஸ், 700 குவியத் தூரம், கண்லென்ஸ் மாட்டும் வாய் 31.7 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம்: உங்கள் பணத்துக்கு இதைத் தேடுங்கள். சில மலிவான தொலைநோக்கிகளில் அந்த வாய் 24.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்குப் பிறகு நல்ல கண்லென்ஸ் தேடினால் கிடைப்பது கஷ்டம். கூடவே 25 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் கண்லென்ஸ்கள் கொடுத்தால் போதும். 28 மடங்கு, 70 மடங்கு. பார்லோவை மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள். நிலவின் விளிம்பில் கொஞ்சம் ஊதா நிறம் தெரியும். இந்த விலைக்கு இரண்டு கண்ணாடி சேர்ந்த லென்ஸ்தான் கிடைக்கும், அது எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் குவிக்காது. பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கொஞ்சம் கூடப் பணம் போட்டால் எடைக்கட்டி தொங்கும் சாய்வான தாங்கி வரும் என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். அதன் அச்சை வான துருவத்தை நோக்கித் திருப்ப வேண்டும். அதைக் காட்டும் துருவ நட்சத்திரம் லண்டனில் 50 பாகைக்கு மேலே நிற்கும். சுங்கை சிப்புட்டில் அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து பாகைதான் ஏறும், செம்பனை மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கட்டி முக்காலிக் காலில் இடிக்கும். நமக்கு மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரணத் தாங்கிதான் சரி.

நாம் இருக்கும் இடத்தால் வரும் இன்னொரு சங்கடம், இங்கே கிரகங்கள் நேரே தலைக்கு மேலே போகும். நீளக் குழாயை உச்சிக்குத் திருப்பினால் அதன் வால் காலில் முட்டும், பையனின் கழுத்தும் போய்விடும். 90 பாகை திருப்பித் தரும் கண்ணாடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கிரகம் உச்சியைத் தாண்டி இரண்டு மணி நேரம் போகட்டும், 30 பாகை இறங்கியிருக்கும். முக்காலியை முழு உயரத்துக்கு இழுக்காமல், நடுவில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, பையனை ஒரு சிறிய நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஆலைக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. பகலில் அதன் புகைபோக்கி உச்சியைப் பெரிய குழாயில் நடுவில் கொண்டுவந்து, மேலே இருக்கும், குறிபார்க்க உதவும் குட்டிக் குழாயின் திருகுகளைத் திருப்பி அதிலும் அதே உச்சி நடுவில் வரச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் இரவில் நிலவைத் தேடித் தோற்றவர்கள் நிறைய. ஆனால் பகலில் சூரியன் பக்கம் மட்டும் குழாய் திரும்பக் கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும். பெட்டிக்குள் கண்லென்ஸில் மாட்டும் சூரிய வடிகட்டி இருந்தால் குப்பையில் போடுங்கள், அது சூட்டில் வெடிக்கும்.

ஆலை விளக்கு நிலவையோ கிரகங்களையோ ஒன்றும் செய்யாது. நிலவைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள், நிழலே இல்லாமல் வெள்ளைத் தட்டு போல இருக்கும். வளர்பிறை அஷ்டமியில் பாருங்கள். நல்ல காரியத்துக்கு நாம் தவிர்க்கும் நாள்தான், ஆனால் அன்றைக்குத்தான் பள்ளங்களின் விளிம்பில் நிழல் நீண்டு விழும். வியாழனின் நான்கு நிலவுகள் 28 மடங்கிலேயே தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் ஏறக்குறைய 20 மடங்குக் குழாயில்தான் கண்டார். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பைக் காட்டி மெலிந்து போயிருந்தது, அதற்குப் பிறகு ஆண்டுக்காண்டு விரிகிறது.

இன்னொன்று. பக்கத்தில் மறுநடவு செய்த பகுதி இருக்கும், செம்பனைக் கன்றுகள் முழங்கால் உயரம், தெற்கு வானம் திறந்து கிடக்கும். ஏப்ரல், மே இரவுகளில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அங்கே போங்கள், பாம்பு உண்டு. தெற்கே 38 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம். குழாயில் பஞ்சு உருண்டை போலத்தான் இருக்கும், பெட்டியில் அச்சடித்த வண்ணப்படம் போல இருக்காது. பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் லண்டன்காரர் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்க்கவே முடியாது.

பார்த்து முடிந்ததும் லென்ஸில் பனி படிந்திருந்தால் சட்டையால் துடைக்காதீர்கள், மூடியும் போடாதீர்கள். உள்ளே கொண்டுபோய்த் தானாகக் காயவிட்டு, பிறகு இறுக்கமாக மூடும் அரிசி டப்பா மாதிரி ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியிலும் பூஞ்சை பிடிக்கும்.

பக்கத்துத் தாமான்காரரின் பழைய தொலைநோக்கியிலும் இந்தப் பூஞ்சை இருக்கிறதா என்று சோதியுங்கள். கண்லென்ஸைக் கழற்றிவிட்டு, இருட்டில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்லென்ஸைச் சாய்வாகப் பாருங்கள். தூசி பரவாயில்லை. சிலந்தி வலை போல இழை ஓடியிருந்தால் வாங்காதீர்கள். முக்காலி கனமாக இருந்தால், அதை மட்டும் எவ்வளவுக்குத் தருவார் என்று கேட்டுப் பாருங்கள்.