மனித குணம் பிறவியில் வந்ததா, பழகி வந்ததா? பழகி வந்ததே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணி நண்பர் ஒரு பழமொழியைப் போட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். "நாய் வாலை நிமிர்த்த முடியாது, மனுஷன் குணமும் அப்படித்தான்" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

அக்பருக்கு ஒரு சந்தேகம். யார் பேச்சையும் கேட்காமல் வளர்கிற குழந்தை, பிறவியிலேயே கொண்டுவந்த மொழி எதையாவது பேசுமா? கேட்டவர் பாதுஷா. சும்மா விடுவாரா? ஊரை விட்டுத் தள்ளி ஒரு வீடு. சுமார் இருபது கைக்குழந்தைகள். செவிலிகள் உண்டு, பால் உண்டு. பேச்சு மட்டும் கூடாது!

தாய்மார்களே, நினைத்துப் பாருங்கள். குழந்தை வீறிட்டு அழுகிறது. செவிலி ஓடி வருகிறாள், தூக்குகிறாள், பால் கொடுக்கிறாள். "என் ராசா" என்று ஒரு வார்த்தை கிடையாது. தவழ்ந்து போய் முட்டிக்கொண்டால் "அச்சச்சோ" கிடையாது. தூங்க வைக்கத் தாலாட்டு கிடையாது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மூன்று நான்கு வருஷம்! அந்த வீட்டுக்குப் பெயரே குங் மஹல், ஊமை மாளிகை. முடிவு? ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார் அக்பர் அவையில் இருந்த வரலாற்றாசிரியர் பதாயூனி. அக்பரை நேசித்த, அவர் வரலாற்றை எழுதிய அபுல் ஃபஸ்லும் இதை மறுக்கவில்லை.

நண்பரே, நாய்க்குட்டியைத் தனியாக வளர்த்தாலும் குரைக்கும். மனிதக் குழந்தைக்கு நாக்கு பிறவியில் வந்தது, பேச்சு வரவில்லையே! அப்புறம் எப்படி ஐயா நாயையும் மனிதனையும் ஒரே பழமொழியில் கட்டுகிறீர்கள்?

பேச்சைப் போலத்தான் குணமும். பழகிப் பழகி, யோசிக்காமலே வருமளவுக்கு ஊறிப்போன குணத்தை உருதுவில் ஃபித்ரத்-ஏ-ஸானியா, இரண்டாம் இயல்பு என்பார்கள். பழக்கம் குணத்தை உண்டாக்கும், குணத்தைத் திருத்தவும் முடியும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே 'அக்லாக்-ஏ-நாசிரி' என்ற ஒழுக்க நூலில் எழுதினார் பாரசீக அறிஞர் நசீருத்தீன் தூசி. அக்பருக்கே வாசித்துக் காட்டிய நூல் அது.

அந்த ஊமை மாளிகைக் குழந்தைகளைத் தாய்மார்களிடம் பணம் கொடுத்து வாங்கினார்களாம். சில குழந்தைகள் அங்கேயே இறந்தும் போயின. "அம்மா" என்று ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் போன பிள்ளைகள்! அந்தப் பிள்ளைகளிடம் என்ன குறை? பேச ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதானே?

இன்றைக்கும் "இவன் பிறவி மக்கு" என்று கடைசி பெஞ்சில் தள்ளி, யாரும் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள்.