கிராணி வீட்டுச் சன்னலில் பார்த்த தங்கப் பறவை

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, வணக்கம்.

பேட்டரி இறங்கும்போது டிவியில் படம் எப்படித் தெரியும் என்று இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? முதலில் நான்கு ஓரமும் கறுத்துக்கொண்டு வரும். படம் சுருங்கும். ஆள் சின்னதாகிக்கொண்டே போவார். குரல் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கும். அப்புறம் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதுவும் போய்விடும். பின்வரிசையில் கை தூக்கிய அண்ணனைப் பார்த்தேன். நன்றி அண்ணே, சின்ன வயதில் பாதி பார்த்த கார்ட்டூன்களைத் தேடிப் பிடிப்பது பற்றி நான் பேசப் போவது உங்களுக்குச் சீக்கிரம் புரியும்.

நான் வளர்ந்தது இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு ரப்பர் தோட்டம். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அந்தக் காலத்தில் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கரண்டு ராத்திரிக்கு மட்டும்தான். பொழுது சாயும்போது எஞ்சினை ஓட்டுவார்கள், பத்து மணிக்கு நிறுத்துவார்கள். கார்ட்டூன் வருவதோ சாயங்காலம், எஞ்சின் ஓடுவதற்கு முன்னால். அந்த நேரத்தில் டிவி பார்க்கக் கார் பேட்டரி வேண்டும். பேட்டரியோடு டிவி இருந்தது தோட்ட ஆபீசில் எழுத்தராக இருந்த சின்னக் கிராணி வீட்டில். ஒரு முக்காலியில் பேட்டரி, அதில் கவ்விய இரண்டு கிளிப்பு, மேசையில் கறுப்பு வெள்ளைப் பெட்டி. உள்ளே அவர் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் சன்னலுக்கு வெளியே. எனக்கு உயரம் எட்டாது. அக்கா ஒரு ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் என்னை நிறுத்தி, பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொள்வாள். வாளியின் விளிம்பில் ஒட்டுப்பால் காய்ந்து நார் நாராக நிற்கும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாடை அடித்தால் எனக்கு மரம் ஞாபகத்துக்கு வருவதில்லை, கார்ட்டூன்தான் வருகிறது.

அப்படிப் பார்த்ததில் ஒன்று முப்பது வருடமாக என்னை விடவில்லை. மூன்று பிள்ளைகள். கழுத்தில் சூரியன் போட்ட டாலர். பெரிய பாய்மரக் கப்பல், புயல். அப்புறம் மலை உச்சியில் ஒரு தங்கப் பறவை. உயிருள்ள பறவை இல்லை, உள்ளே ஏறி உட்காரலாம். வெயில் பட்டதும் இறக்கையை விரித்துக்கொண்டு பறக்கும். என்னிடம் இருந்தது இவ்வளவுதான். பெயர் தெரியாது. முடிவும் தெரியாது.

முடிவு ஏன் தெரியாது? நான் ரொம்ப நாள் என் ஞாபக சக்தி மேல்தான் குறை என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறு. வாரம் ஒருமுறை டிவியில் தமிழ்ப்படம் போடுவார்கள். தோட்டமே அதற்குக் காத்திருக்கும். கரண்டு நடுவில் போனாலும் படம் நிற்கக்கூடாது என்பதற்காகக் கிராணி பேட்டரியை மிச்சம் பிடிப்பார். பாதிக் கார்ட்டூனில் எழுந்து வந்து அணைப்பார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, இத்தனை பேரைச் சன்னலில் நிற்கவிட்டதே பெரிய மனசு. ஆனால் நாங்கள் மறந்தவர்கள் இல்லை. எங்களுக்குக் காட்டப்பட்டதே பாதிதான்.

பெயர் தெரியாததற்கும் காரணம் உண்டு. பேச்சு ஆங்கிலத்தில், கீழே ஓடுவது மலாய் எழுத்து. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிற பையனுக்கு இரண்டும் ஓட்டமாக ஓடும். அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். சிங்கப் படம், பூனைக்காரன் படம், தங்கப் பறவை படம். சிங்கப் படத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐந்து சிங்க இயந்திரங்கள் சேர்ந்து ஒரே வீரனாக நிற்கும் என்று சொன்னால் யாரும் வோல்ட்ரான் என்பார்கள். அது ஜப்பானில் 1981இல் கோலயன் என்ற பெயரில் வந்து, அமெரிக்காவில் வெட்டி ஒட்டி 1984இல் வோல்ட்ரான் ஆனது. ஒரே படம் இரண்டு பெயரில், இரண்டு கதையோடு உலகம் சுற்றியது. ஆகவே நீங்களும் உங்கள் மச்சானும் சின்ன வயதில் பார்த்த ஒரு படத்தைப் பற்றிச் சண்டை போட்டால், இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

தங்கப் பறவை மட்டும் அகப்படவில்லை. கேட்டவர்கள் எல்லாம் சில்வர்ஹாக்ஸ் என்றார்கள். 1986இல் வந்தது அது. அதில் மனிதர்களுக்கு உலோக இறக்கை, கதை விண்வெளியில் நடக்கும். கப்பல் எங்கே, கடல் எங்கே? இல்லை. இன்னொருவர் ஜப்பானின் கட்சாமானைச் சொன்னார். அதிலும் பறவை வடிவ விமானம் உண்டு, ஆனால் அது போர் விமானம். எந்தச் சேனலில் பார்த்தாய் என்று கேட்டவர்களும் உண்டு. அது நல்ல கேள்வி. டிவி3 தொடங்கியது 1984 ஜூன் 1ஆம் தேதி, அதுவும் முதலில் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மட்டும்தான். எங்கள் தோட்டத்தில் எடுத்தது அரசாங்க ஒளிபரப்பான ஆர்டிஎம்மின் இரண்டு சேனல்கள். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் தேட வேண்டிய இடம் சுருங்கும்.

கோலாலம்பூரில் தேசிய நூலகத்துக்குப் போய், பழைய பத்திரிகைகளைப் படமெடுத்து வைத்த சுருள்களில் நிகழ்ச்சிப் பட்டியல் பார்த்தேன். இரண்டு நாள் கண் எரிய எரியப் பார்த்தேன். பல நாளில் 'கார்ட்டூன்' என்று மட்டும் போட்டிருந்தது. உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. நம் டிவி அங்கேயும் எடுக்கும் என்பதால், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அந்தக் காலத்தில் ஆர்டிஎம் நிகழ்ச்சிகளையும் பட்டியலில் போட்டது. வருடம் தெரிந்தால் அங்கே தேடலாம். நம் பக்கத்துப் பத்திரிகையும் முக்கியம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய கட்டு இருந்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், எடைக்குப் போடாதீர்கள்.

ஆனால் எனக்கு விடை சுருளில் கிடைக்கவில்லை. ஈப்போவில் இருக்கிற அக்காவிடம் கிடைத்தது. இத்தனை வருடம் ஊரையெல்லாம் கேட்டேன், சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவளைக் கேட்கவில்லை. ஒரு நாள் போனில் கேட்டேன். "ஓ, அந்தக் கருடன் படமா?" என்றாள்.

"கருடன் இல்லக்கா, ஏதோ தங்கப் பறவை."

"கருடன்தான்டா. அந்தப் பொண்ணு கையில கிளி வெச்சிருக்கும், மீனாட்சி மாதிரி. அப்புறம் கடல்ல மூழ்கின நாடு ஒண்ணு வரும்."

கிளி எனக்கு மறந்தே போயிருந்தது. கடல்கொண்ட நாட்டை நான் படத்தோடு சேர்த்ததே இல்லை. குமரிக்கண்டம் பற்றி வாத்தியார் வகுப்பில் சொன்னதுதான் என் தலையில் இருந்தது. அவள் தொடர்ந்தாள்: "ஒரு நாள் கிராணி வெளியே போயிட்டாரு, டிவியை யாரும் அணைக்கல. கார்ட்டூன் முடிஞ்சதும் நிஜ ஆளுங்க வந்தாங்க. தொப்பி போட்ட கிழவி, கழுத்து நீண்ட ஆடு. நீ அதைப் பார்த்துச் சிரிச்சு வாளியிலிருந்து விழுந்தே."

விழுந்தது ஞாபகம் இருக்கிறது. முட்டியில் தழும்பு இருக்கிறது. ஆனால் எதைப் பார்த்து விழுந்தேன் என்பது அவளிடம் இருந்தது. கழுத்து நீண்ட ஆடு என்றால் லாமா. லாமா என்றால் தென் அமெரிக்கா. கார்ட்டூன் முடிந்ததும் தென் அமெரிக்காவைப் பற்றிய சின்ன விளக்கப் படம் காட்டும் தொடர் எது என்று தேடினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆங்கிலத்தில் அதன் பெயர் 'த மிஸ்டீரியஸ் சிட்டீஸ் ஆஃப் கோல்டு', மர்மமான தங்க நகரங்கள். ஜப்பானும் பிரான்சும் சேர்ந்து எடுத்தது. 1982 மே மாதம் ஜப்பானின் என்எச்கே டிவியில் தொடங்கி, 1983இல் பிரான்சுக்குப் போனது. மொத்தம் 39 பகுதிகள். கதை 1532இல் பார்சிலோனாவில் ஆரம்பிக்கிறது. எஸ்டெபான், ஸியா, டாவோ என்று மூன்று பிள்ளைகள். சூரிய டாலர் எஸ்டெபானிடமும் ஸியாவிடமும் இருக்கும். கிளி ஸியாவுடையது இல்லை, டாவோவுடையது. அந்த டாவோதான் கடலில் மூழ்கிய மூ என்ற கண்டத்து மக்களின் கடைசி வாரிசு. பறவை, சூரிய ஒளியில் பறக்கும் தங்கக் காண்டோர். காண்டோர் என்றால் தென் அமெரிக்காவின் பெரிய கழுகு வகை.

அக்கா சொன்னதில் எவ்வளவு சரி, எது மாறியிருந்தது என்று பாருங்கள். கேம்பிரிட்ஜில் பிரடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை ஆங்கிலேய மாணவர்களைப் படிக்கச் சொல்லி, நாள் கழித்து, வருடம் கழித்து, திரும்பச் சொல்ல வைத்தார். தங்களுக்குப் பழக்கமில்லாததை எல்லாம் பழக்கமானதாக மாற்றிச் சொன்னார்கள். அந்த மக்களின் ஓடம் சாதாரணப் படகானது, சீல் வேட்டை மீன்பிடிப்பானது. எங்கள் சன்னலிலும் அதேதான் நடந்திருக்கிறது. மாரியம்மன் கோயில் சுவரில் கருடனைப் பார்த்த பிள்ளை காண்டோரைக் கருடனாக வைத்துக்கொண்டது. கிளி என்றால் அது பெண் தெய்வத்தின் கையில்தான் இருக்க வேண்டும், ஆகவே பையன் தோளிலிருந்து பெண் கைக்குப் போய்விட்டது. இந்தத் தப்புகளைத் திருத்துங்கள், ஆனால் திருத்துவதற்கு முன்னால் எழுதி வையுங்கள். எந்தத் தோட்டத்துப் பிள்ளை பார்த்தது என்பது அதில்தான் இருக்கிறது.

நிறத்தையும் நம்பாதீர்கள். நாட்டில் வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பரில் தொடங்கியது, ஆனால் நாங்கள் பார்த்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. என் மனதில் அந்தப் பறவை தகதகவென்று மின்னுகிறதே, அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது? கிராணியின் மூத்த மகள் பாயிலிருந்து திரும்பி, "அது முழுக்கத் தங்கம்" என்று எங்களுக்குச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் முப்பது வருடம் மின்னியிருக்கிறது.

கண்டுபிடித்ததும் அடுத்த வாரமே ஈப்போவுக்குப் போனேன். போனில் போட்டுக் காட்டினேன். அக்கா பார்த்தாள், பார்த்தாள், தலையை ஆட்டினாள். "இது இல்லடா." எனக்கு மனசு உடைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மருமகன் போனை வாங்கி, எதையோ தட்டித் திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுத்தான். இறக்கை விரிந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. கை மட்டும் வந்து என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டது.

இதைச் சொன்னதிலிருந்து பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். இந்த ஊரில் லாரி ஓட்டும் ஒரு மாமா, "மான் மாதிரி ஒண்ணு, ஆனா எலி அளவுதான் இருக்கும், வெள்ளைக்காரன் எடுத்த படம்" என்றார். சருகுமான், மலாய்க் கதைகளில் வரும் சாங் கஞ்சில்! அது வெள்ளைக்காரன் படம் இல்லை மாமா என்றேன். 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்', மலேசியாவின் முதல் குறும் அசைபடம். அரசாங்கப் படப்பிரிவான பிலிம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் இயக்கியது. 1978இல் உருவாகி 1983இல்தான் ஒளிபரப்பானது. அதற்குப் பின்னால் ஹாசான் முத்தலிப் குரங்கை வைத்து 1984இலும், முதலையை வைத்து 1987இலும் அதே சருகுமானின் கதைகளை எடுத்தார். ஆனந்தம் சேவியர் என்ற பெயரை மாமா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இந்தப் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். டோராமோனைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் நாம் பார்த்தது 1979இல் தொடங்கிய தொடர். அதற்கு முன் 1973இல் ஒன்று வந்தது, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓடியது. எடுத்த நிறுவனம் மூடிப்போக, அதன் படச்சுருள்களில் ஒரு பகுதி போனது போனதுதான். ஜப்பானிலேயே அந்தக் கதி. ஆகவே யாரோ எங்கேயோ பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். உங்களோடு சன்னலில் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஒருவரிடம் பாட்டு இருக்கும், ஒருவரிடம் பெயர் இருக்கும், ஒருவரிடம் கடைசிக் காட்சி இருக்கும். லயம் உடைந்து ஆளுக்கொரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, போய்விட்டோம், படமும் அப்படியே பிரிந்து கிடக்கிறது. பாயில் உட்கார்ந்து பார்த்தவர்களையும் விடாதீர்கள், அவர்கள் முழுசாகப் பார்த்திருப்பார்கள். கிராணியின் மூத்த மகளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு கிழவர். முதுகில் பெரிய கடிகாரம் கட்டியிருப்பார். பனி கொட்டும் ஊரில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். ஒரு சின்னப் பெண் மட்டும் கதவைத் திறப்பாள். அவர் கடிகாரத்தை இறக்கிவைத்து அதன் கதவைத் திறக்கப் போவார், அப்போது ஓரமெல்லாம் கறுத்துப் படம் சுருங்கிவிட்டது. உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவரைத் தெரிந்தவர்கள், வாசலில் தேநீர் வைத்திருக்கிற மேசைப் பக்கம் வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.