தாளிப்புக்கும் தீக்கும் வேறுபாடு அறிந்த கருவி

நேயர்களுக்கு என் வணக்கம். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பலொன்று தீப்பற்றி வெடித்தது. அதை அணைக்கச் சென்று உயிர்நீத்த வீரர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் இந்த வாரம் தீயணைப்பு வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கட்டடங்களில் தீ எச்சரிக்கை அமைப்புகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் தொழில். அவற்றில் ஒரு சிறு கருவியைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். வெப்ப உணர்வி, அதாவது ஹீட் டிடெக்டர்.

மருத்துவமனையிலோ தங்கும் விடுதியிலோ அண்ணாந்து பார்த்தால், சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டியது போன்ற வெள்ளைக் கருவியைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை புகையை உணர்பவை. வெப்பத்தை உணர்வதும் பார்வைக்கு ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். தீப்பற்றினால் இது தண்ணீர் பொழியுமா என்று பலர் கேட்கிறார்கள். பொழியாது. தண்ணீர் பொழிவது ஸ்பிரிங்க்ளர் என்னும் வேறொரு கருவி. வெப்ப உணர்வி பேனலுக்கு, அதாவது எல்லா உணர்விகளும் இணைக்கப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, செய்தி அனுப்பும், மணி ஒலிக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கருவியின் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு திருமண மண்டபம். அலாரம் பழுது என்று அழைத்திருந்தார்கள். சென்று பார்த்தால், பேனலில் ஒரு விளக்குகூட எரியவில்லை. விசாரித்தபோதுதான் கதை வெளிவந்தது. கட்டடம் முழுவதற்கும் ஒரே வகையாக, சமையற்கூடம் உட்பட, புகை உணர்விகளையே பொருத்தியிருந்தார்கள். நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கும் இடத்தில், எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாய் வற்றல் கமறும்போதெல்லாம் மணி அலறியது. ஒருமுறை சரியாக முகூர்த்த வேளையில் அலறி, மணமேடையிலிருந்தவர்களே எழுந்து நின்றுவிட்டார்களாம். முதலில் உணர்வியின் மேல் பாலித்தீன் பையைக் கட்டினார்கள். அப்புறமும் நெடி புகுந்து மணி அடிக்கவே, பேனலையே அணைத்துவிட்டார்கள். எத்தனை மாதமாயிற்று என்று கேட்டேன். மேலாளருக்கே நினைவில்லை. மாடியில் உறவினர்கள் குழந்தைகளோடு உறங்கும் அறைகளும் அத்தனை மாதங்களாகக் காவலின்றிக் கிடந்தன.

சமையல் மாஸ்டர் என்னிடம், “ஐயா, தாளிக்காமல் நான் எப்படிச் சமைப்பது?” என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். பிழை அவருடையதன்று, அந்த இடத்துக்குப் பொருந்தாத கருவியைத் தேர்ந்தவர்களுடையது. பொய்யாக அலறும் மணியை மனிதர்கள் நிறுத்திவிடுவார்கள். இதை நான் எங்கே சென்றாலும் சொல்லி வருகிறேன். அன்று சமையற்கூடத்தில் இருந்தவற்றைக் கழற்றி வெப்ப உணர்விகளை மாட்டினோம். அதன் பிறகு அங்கே பேனல் அணைக்கப்படவில்லை.

இந்த வெப்ப உணர்வியில் இரு வகை உண்டு. ஒன்று, குறித்த வெப்பநிலையை, பொதுவாக 57 டிகிரி செல்சியஸை, எட்டினால் செயல்படுவது. மற்றொன்று, வெப்பம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைக் கவனிப்பது. நிமிடத்துக்குச் சுமார் 8 டிகிரிக்கு மேல் ஏறினால் மணியடிக்கும். இந்த இரண்டாம் வகை கிடங்குகளுக்கு நல்லது. ஆனால் இட்லிக் கொப்பரையைத் திறந்தவுடன் குபீரென்று எழும் ஆவிக்கும் அது ஏமாந்துவிடும். ஆகவே சமையற்கூடத்துக்கு முதல் வகையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

அந்த 57 டிகிரியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் அடியில் ஏணி வைத்து ஏறியவர்களுக்கு அந்த அனல் தெரியும். கூரையடியில் வழக்கமாக நிலவும் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 11 டிகிரியாவது கூடுதலான அளவில் செயல்படும் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலுக்கே மணி அடிக்கும். மறுபடியும் யாராவது பேனலை அணைப்பார்கள்.

பொருத்தும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூடான காற்று மேலெழுந்து, கூரையை ஒட்டிப் பரவும். சுவரும் கூரையும் கூடும் மூலைக்குள் அது எளிதில் நுழையாது. எனவே சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளி, கூரையில் பொருத்த வேண்டும். குளிர்சாதனக் காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் வைத்தால், கீழே தீ எரிந்தாலும் கருவி குளிர்ந்தே இருக்கும். எத்தனை கருவி, எவ்வளவு இடைவெளி என்பதை ஐ.எஸ். 2189 என்னும் இந்தியத் தரநிலையைப் படித்தறிந்த பொறியாளரைக் கொண்டு முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். படுக்கையறைக்கு வெப்ப உணர்வி போதாது. மெத்தை தணலாகப் புகையும்போது, கூரையடி 57 டிகிரியை எட்டுவதற்குள் நச்சுப்புகை உறங்குபவரின் உயிரைப் பறித்துவிடும். உறங்கும் இடத்துக்குப் புகை உணர்வியே வேண்டும். சமையற்கூடத்துக்கு வெப்பம், படுக்கையறைக்குப் புகை. இதை மட்டுமாவது நினைவில் கொள்ளுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். சோதனையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். தீக்குச்சியையோ லைட்டரையோ காட்டிச் சோதிக்காதீர்கள். அதற்கென உள்ள வெப்பக்காற்றுக் கருவியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். உலோகம் உருகிச் செயல்படும் வகையாக இருந்தால் வெப்பம் காட்டவே கூடாது, ஒருமுறை உருகினால் புதிதுதான் மாட்ட வேண்டும். வெள்ளையடிக்கும்போது உணர்வியின் மேல் வண்ணம் படாமல் மூடுங்கள், வேலை முடிந்த அன்றே அந்த மூடியை எடுத்துவிடுங்கள். மணி அடித்தால் முதலில் வெளியேறுங்கள், பிறகு 101க்கு அழையுங்கள். வணக்கம்.