பச்சை இலைப் படமும் தென்னந்தடத்துப் பையும்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். ‘பசுமை’ என்று சொல்லி விற்கப்படும் பொருள்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு.

சென்ற ஆண்டு ஆனி மாதம், தென்மேற்குப் பருவமழை பிடித்திருந்த வேளையில், ‘நூறு விழுக்காடு மட்கும்’ என்று அச்சிட்ட ஒரு பையை வீட்டுத் தென்னந்தடத்தில் புதைத்து வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையும் பெய்து ஓய்ந்தபின், தை மாதம் உரம் வைக்க மண்ணைக் கிளறியபோது, உடன் புதைத்த வாழைச்சருகு கருமண்ணாகியிருக்க, பை மட்டும் ஏறத்தாழ அப்படியே கிடந்தது. அதன் மேலிருந்த பச்சை இலைப் படத்தின் நரம்புகளைக்கூட எண்ண முடிந்தது.

விற்றவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. மட்கும் பிளாஸ்டிக் என்பவற்றுள் பெரும்பாலானவை, ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இயங்கும் உரத் தொழிற்கூடங்களில் மட்குமாறு செய்யப்படுபவை. வீட்டுத் தோட்டத்து மண் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. பழையாற்றில் விழுந்து மணக்குடிக் காயல் வரை மிதந்து செல்லும் பைக்கும் அந்தச் சூடு கிடைக்கப்போவதில்லை. ஆகவே ‘மட்கும்’ என்ற சொல்லைக் கண்டால், எங்கே, எத்தனை நாளில் என்று கேட்டாக வேண்டும். இத்தகைய பைகள் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்னும் தரத்துக்கு உட்பட வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய சான்றிதழ் எண்ணும் பையின்மேல் இருக்க வேண்டும். நான் புதைத்த பையில் அந்த எண் இல்லை என்பதைத் தோண்டி எடுத்துக் கழுவியபோதுதான் கவனித்தேன். வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டியது.

அடுத்தது, துணிபோலத் தோன்றும் ‘நான்-ஓவன்’ பை. ஜவுளிக்கடையிலும் கலியாண வீட்டிலும் இதைத் துணிப்பை என்றே நம்பி வாங்கிக்கொள்கிறோம். இது பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளை நெய்யாமல் அழுத்தி ஒட்டிய தாள். ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினால், பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். இதுவோ உருகிச் சுருண்டு மணிபோல் இறுகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இதுவும் உண்டு என்பது பலருக்கும் வியப்பளிக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அதே பட்டியலில் இருக்கிறது. அந்தக் குவளையை வெந்நீரில் ஊறவைத்துக் காகிதத்தை உரித்தால், குவளையின் வடிவிலேயே மெல்லிய படலம் ஒன்று கையோடு வரும். வாழையிலைக்குப் பஞ்சமில்லாத இந்த மாவட்டத்தில், இலை வடிவில் வெட்டிப் பளபளப்பூட்டிய தாளில் விருந்து பரிமாறுவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

அதற்காகப் பருத்திப் பையென்றால் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம் என்றும் பொருளில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை மேம்பட வேண்டுமானால், அதை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும். ஓடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் சேர்வதும் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதால், பிளாஸ்டிக்கே மேல் என்று இதற்குப் பொருள்கொள்ள வேண்டாம். ஆனால் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால், தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பைகள் பதினேழு தொங்குகின்றன; வடசேரிச் சந்தைக்கு என்னோடு வருவது அவற்றில் ஒன்றுதான். மற்றப் பதினாறின் கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால், மின்சாதனங்களின் நட்சத்திரக் குறி சற்று நேர்மையானது. நட்சத்திரத்தோடு, ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்ற எண்ணும் குளிர்பதனப் பெட்டியின் ஒட்டுச்சீட்டில் இருக்கிறது. அந்த எண்ணையும், எந்த ஆண்டுக்குரிய குறி என்பதையும் சேர்த்துப் படிப்பது நலம். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், ‘பி.எல்.டி.சி.’ என்னும் தூரிகையில்லா மோட்டார் பொருத்திய வகை 30 வாட் அளவில் ஓடும். நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால், ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். ‘பசுமை’ என்ற சொல் இல்லாமலே சரிபார்க்கக்கூடிய கணக்கு இது.

சட்டமும் இப்போது நுகர்வோர் பக்கம் சற்று நகர்ந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ‘பசுமையானது’, ‘இயற்கையானது’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இன்றி விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. பொருளின் எந்தப் பகுதிக்கு அந்தச் சொல் பொருந்தும், உள்ளிருக்கும் பொருளுக்கா, வெளியுறைக்கா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐயம் எழுந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். உறையும் ரசீதும் கையில் இருப்பது அவசியம். தென்னந்தடத்தில் கிடைத்த பையை உலர்த்தி மடித்து வைத்திருக்கிறேன். ரசீதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.